எந்த ஈயம்?

"டீச்சர், ஈயம் விஷமா?"

சென்ற மாதம் ஓய்வு நேரத்தில், படிவம் 4 மாணவன் ஒருவன் ஆய்வுக்கூட வாசலில் நின்று இப்படிக் கேட்டான். தேர்வுக்காகக் கேட்கிற முகமாகத் தெரியவில்லை. வீட்டில் சண்டையாம். அவன் அம்மாவின் கைப்பேசிக்குப் புலனத்தில் ஒரு செய்தி வந்திருக்கிறது. ஈயம் மூளையைப் பாதிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது, வீட்டில் ஈயப் பாத்திரம் இருந்தால் இன்றே தூக்கி எறியுங்கள் என்று. அம்மா உடனே பாட்டியின் ரசச் சொம்பை எடுத்துப் பழைய சாமான் பையில் போட்டுவிட்டார். பாட்டி அதை வெளியே எடுத்தார். அம்மா மறுபடியும் உள்ளே போட்டார். "நாப்பது வருசமா இதுலதான் ரசம் வைக்கிறேன், எம் மவனுக்கு மூளை கெட்டா போச்சு?" என்று பாட்டி கேட்க, அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு நாள் ரசமே இல்லை.

அம்மா சொல்வது அறிவியல், பாட்டி சொல்வது வெறும் பழக்கம் என்ற முடிவோடுதான் அவன் வந்திருந்தான். நான் ஆமாம் என்று சொன்னால் போதும், சொம்பு போய்விடும். "எந்த ஈயம்?" என்று திருப்பிக் கேட்டேன். அவன் விழித்தான். ஒன்பதாண்டுகளுக்கு மேலாக அறிவியல் படிக்கிற பிள்ளை. ஈயத்தில் வகை இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

மாணவர்களே, தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். கார் என்றால் கறுப்பு. கார்மேகம் என்று சொல்கிறோமே, அந்தக் கார். தனிம அட்டவணையில் இரண்டும் 14ஆம் தொகுதியில், ஒன்றின்கீழ் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. வெள்ளீயத்தின் அணு எண் 50, காரீயத்தினுடையது 82. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகும், காரீயம் 327இல் உருகும். இரண்டும் மென்மையானவை, இரண்டையும் வீட்டு அடுப்புத் தீயிலேயே உருக்கிவிடலாம், புதிதாக வெட்டினால் இரண்டுமே பளபளக்கும். பழங்காலத்து மனிதர் இவற்றை ஒரே குடும்பத்து அண்ணன் தம்பியாக நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் ஒன்றைக் கையில் எடுத்தால் சாதாரணமாக இருக்கும், மற்றொன்று கையைக் கீழே இழுக்கும். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளீயம் 7.3 கிராம், அதே அளவு காரீயம் 11.3 கிராம்.

உடலுக்குள் போனால் இரண்டும் நடந்துகொள்ளும் விதமும் வேறு. காரீயம் உடலில் கால்சியத்தின் இடத்தில் போய் உட்காரக்கூடியது. எலும்பில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் தங்கும். வளரும் குழந்தையின் மூளைக்கு மிகுந்த கேடு. இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் தெரியவில்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உணவோடு போகும் வெள்ளீயத்தையோ உடல் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சுகிறது.

ஈயச்சொம்பு என்று நாம் சொல்வது வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டிய பாத்திரம். புலனத்தில் வந்த செய்தி பேசியது காரீயத்தைப் பற்றி. ஆக, அம்மா சொன்னதும் சரி, பாட்டி சொன்னதும் சரி. இருவரும் வேறு வேறு உலோகத்தைப் பற்றி ஒரே சொல்லில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இது தமிழின் குறை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். உரோமானியர்களுக்கும் இதே குழப்பம் இருந்தது, அவர்கள் கண்ட வழியும் நம் வழிதான். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி தம்முடைய இயற்கை வரலாற்று நூலில் இரண்டு பிளம்பங்களைப் பற்றி எழுதுகிறார். ஒன்று கறுப்புப் பிளம்பம், மற்றொன்று வெள்ளைப் பிளம்பம். கறுப்பு என்பது நம் காரீயம், வெள்ளை என்பது நம் வெள்ளீயம். மலாய்க்காரர்களும் அப்படியே: தீமா ஹீத்தாம், தீமா பூத்தே. கறுப்புத் தீமா, வெள்ளைத் தீமா. உரோமாபுரியில் இருந்தவரும் தமிழரும் மலாய்க்காரரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்க முடியாது. மூவரும் ஒரே பொருளைக் கண்ணால் பார்த்தார்கள். காரீயத்தைத் தாளிலோ துணியிலோ தேய்த்தால் கறுஞ்சாம்பல் கோடு விழும். வெள்ளீயம் காற்றில் கிடந்தாலும் வெளுப்பாகவே இருக்கும். பெயரே ஒரு சோதனைக் குறிப்பு.

பிளம்பம் என்ற சொல்லை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். பெட்ரோல் நிலையத்தில் ரோன் 95 பம்பின் மீது 'பெட்ரோல் தன்பா பிளம்பம்' என்று எழுதியிருக்கும். காரீயம் சேராத பெட்ரோல். முன்பு எஞ்சின் இடிக்காமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் காரீயச் சேர்மம் ஒன்றைக் கலந்தார்கள்; அது புகையோடு வெளிவந்து சாலையோரத்துப் பிள்ளைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. உலகிலேயே கடைசி நாடாக அல்ஜீரியா அந்தப் பெட்ரோல் விற்பனையை 2021இல்தான் நிறுத்தியது. ஆங்கிலத்தில் குழாய் பழுது பார்ப்பவரைப் பிளம்பர் என்பதும் இந்தச் சொல்லிலிருந்து வந்ததே. உரோமானியரின் நீர்க்குழாய்கள் காரீயத்தால் ஆனவை. அதோடு நிற்கவில்லை, திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் காய்ச்சிச் சுண்ட வைத்து இனிப்பூட்டியாகப் பயன்படுத்தினார்கள். சாற்றின் அமிலம் பாத்திரத்தைக் கரைத்து, இனிப்பான ஒரு காரீய உப்பை உண்டாக்கும். நஞ்சு நாக்குக்கு இனித்தது. புளி ரசத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். புளியில் இருப்பது தார்த்தாரிக் அமிலம். அது வெள்ளீயச் சொம்பில் கொதிப்பது வேறு, காரீயம் கலந்த சொம்பில் கொதிப்பது வேறு.

வெள்ளீயத்தின் குறியீடான எஸ்.என். என்பது ஸ்தன்னும் என்ற இலத்தீன் சொல்லின் சுருக்கம். வேடிக்கை என்னவென்றால், பிளினியின் காலத்தில் ஸ்தன்னும் என்றால் வெள்ளீயமே இல்லை. வெள்ளியும் காரீயமும் கலந்த ஓர் உலோகம். பிந்திய நூற்றாண்டுகளில்தான் சொல் இடம் மாறி வெள்ளீயத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. உங்கள் மலாய் இரசாயனப் பாடநூலில் பிளம்பம், ஸ்தானும் என்று எழுதியிருப்பது இந்த இரண்டு இலத்தீன் சொற்களைத்தான். இரண்டு தீமாக்களுக்கு நடுவே குழம்ப வேண்டாம் என்று பாடநூல் இலத்தீனுக்குப் போய்விட்டது. நல்ல முடிவுதான். அதைப்பற்றிப் பின்னால் வருகிறேன்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். இந்த நாட்டில் தமிழர்கள் ஈயம் என்று தனியாகச் சொன்னால் அது எப்போதும் வெள்ளீயம்தான். ஈய லம்பம் என்று தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். லம்பம் என்பது சுரங்கம் என்று பொருள்படும் லொம்போங் என்ற மலாய்ச் சொல். நம் ஆட்கள் அதைத் தமிழாக்கிக்கொண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு லம்பம் புரியாது. கோலாலம்பூரே லம்பத்தால் பிறந்த ஊர். 1857இல் கிள்ளானிலிருந்து இராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களை ஆற்றின் வழியே அனுப்பினார். கிள்ளான் ஆறும் கொம்பாக் ஆறும் கூடுமிடத்தில் படகை விட்டு இறங்கி, காட்டுக்குள் நடந்து அம்பாங்கில் ஈயம் தோண்டினார்கள். முதல் மாதத்திலேயே காய்ச்சலில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள். இருந்தும் ஆட்கள் மேலும் மேலும் வந்தார்கள், ஈயம் அப்படிப்பட்ட விலைக்குப் போனது. 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் உணவை அடைத்து வைக்கும் தகரக் குவளைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இரும்புத் தகட்டின்மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. துருப்பிடிக்காது, உணவும் கெடாது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் குவளை குவளையாக உணவை அடைக்க அடைக்க, இங்கே மண்ணைக் குழி குழியாகத் தோண்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்து வெள்ளீயத்தில் ஏறக்குறைய பாதி மலாய் மாநிலங்களிலிருந்து போனது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானின் புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் பாதை போட்டதும் முக்கியமாக இதை ஏற்றிப் போகத்தான். அந்த இரயிலுக்காக வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களில் சிலராக இருக்கலாம். சன்வே லகூனில் நீங்கள் நீச்சலடிக்கிற இடமும், தி மைன்ஸ் பேரங்காடியில் படகு விடுகிற ஏரியும் பழைய லம்பக் குழிகள்தாம்.

(சுங்கை பீசியிலும் பெரிய ஈய லம்பம் இருந்தது. பெசி என்றால் மலாயில் இரும்பு. இரும்பாறு என்று பெயர் வைத்துவிட்டு ஈயம் தோண்டியிருக்கிறார்கள். பெயரை மட்டும் நம்பினால் இப்படித்தான்.)

ஆனால் கடல் தாண்டிப் பாருங்கள், சொல் தலைகீழாகிவிடும். மலையாளத்தில் வெறுமனே ஈயம் என்றால் பெரும்பாலும் காரீயம். வெள்ளீயத்துக்கு 'வெளுத்தீயம்' என்று அடைமொழி சேர்க்க வேண்டும். சிங்களத்திலும் ஈயம் என்ற சொல் உண்டு, அங்கும் அது காரீயமே. ஈயம் என்ற சொல்லின் வேரைச் சொல்லாய்வாளர் சிலர் சீசம் என்ற வடசொல்லில் காண்கிறார்கள். சீகளம் ஈழமானதுபோல முதலெழுத்தின் சகரம் உதிர்ந்து ஈயமாயிற்று என்பது அவர்கள் கருத்து. தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்றும் சீசம், சீச என்றால் காரீயம்தான். அப்படியானால் மலேசியத் தமிழில் மட்டும் ஏன் மாறியது? என் ஊகம் எளிமையானது. இங்கே மண்ணுக்கடியில் இருந்தது வெள்ளீயம், கூலி கொடுத்தது வெள்ளீயம், குழி தோண்டியது வெள்ளீயத்துக்காக. அடைமொழி தேவைப்படவில்லை, உதிர்ந்துவிட்டது. தினமும் பார்க்கிற மனிதரை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையே.

இன்னொரு சொல்லும் இங்கிருந்து புறப்பட்டு உலகம் சுற்றியிருக்கிறது. அரபு மொழியில் வெள்ளீயத்துக்கு ஒரு பெயர் கலஈ. துருக்கியில் கலாய். போர்த்துக்கீசியர் கலாயிம் என்றார்கள். இந்தியில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைக் கலாய் என்பார்கள், தமிழிலும் கலாய் பூசுதல் என்ற வழக்கு உண்டு. (நண்பனைக் 'கலாய்ப்பது' வேறு, அதை இதோடு கோக்காதீர்கள்.) பழைய அரபுப் புவியியலாளர்கள் மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கலா என்றொரு துறைமுகம் இருந்ததாகவும், அங்கே ஈயச் சுரங்கம் இருந்ததாகவும் எழுதினார்கள். அது கெடாவாக, அதாவது சோழர் கல்வெட்டுகள் சொல்லும் கடாரமாக இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஊரின் பெயரே உலோகத்தின் பெயராகிவிட்டது என்பது அவர்களின் விளக்கம்.

இதில் கிள்ளான்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1886இல் வெளிவந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, மலாயில் காலாங் என்றாலும் ஈயம்தான், சிலாங்கூருக்கே முன்பு 'ஈய நாடு' என்ற பொருளில் காலாங் நாடு என்று பெயர் இருந்தது, கிள்ளான் என்ற ஊர்ப்பெயர் அதோடு சேர்ந்தது என்கிறது. படித்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நான் கிள்ளானில் வளர்ந்தவள். ஆனால் அதே பெயருக்குக் கிடங்கு, ஆலை என்று பொருள்படும் கீலாங் என்ற மலாய்ச் சொல்லை வேராகக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள், கால்வாயைக் குறிக்கும் மோன்-கெமேர் சொல்லைக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். இன்று பேசும் மலாயில் ஈயம் தீமாதான், காலாங் அல்ல. ஆகவே இதை ஒரு கருதுகோளாகவே வைத்திருக்கிறேன். நமக்குப் பிடித்த விடை என்பதற்காக அதற்கு மதிப்பெண் போட முடியாது.

பெயரால் உலகமே ஏமாந்த கதை ஒன்று உங்கள் பென்சில் பெட்டிக்குள் கிடக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் போரோடேல் பள்ளத்தாக்கில் கறுப்பான, மென்மையான, தாளில் கோடு போடும் ஒரு பொருள் கிடைத்தது. கோடு போடுகிறது, கறுப்பாக இருக்கிறது, அப்படியானால் ஒருவகைக் காரீயம் என்று முடிவு கட்டினார்கள். 1779இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே அதைச் சோதித்து, அதில் காரீயம் இல்லை, அது கார்பனின் ஒரு வடிவம் என்று காட்டினார். பத்தாண்டு கழித்துக் கிராஃபைட் என்ற பெயரும் கிடைத்தது. ஆனால் சொல் திரும்பி வரவில்லை. ஆங்கிலேயர் பென்சிலின் உள்தண்டை இன்றும் காரீயம் என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் பென்சில் என்றால் காரீயக் குச்சி. அரபியில் காரீயப் பேனா. சீன நண்பனிடம் கேளுங்கள். மாண்டரினில் ச்சியென்பி என்பான், முதல் பாதி காரீயம், இரண்டாம் பாதி தூரிகை. பென்சில் முனையைக் காரீயம் என்று எழுதும் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. பென்சிலைக் கடித்தால் காரீய நஞ்சு ஏறிவிடும் என்று நான் ஆரம்பப் பள்ளியில் பயந்திருக்கிறேன். அது கரி. (கடிக்காதீர்கள், அது வேறு விஷயம்.)

தகரத்தின் கதை இன்னும் மோசம். தெலுங்கில் தகரம் என்றால் வெள்ளீயமே. தமிழிலோ அது உலோகத் தகட்டுக்குப் பெயராகிவிட்டது. தோட்டத்து வீடுகளின் தகரக் கூரை உண்மையில் இரும்புத் தகட்டின்மேல் துத்தநாகம் பூசியது. மலாயில் அதை ஸிங்க் என்றே சொல்கிறார்கள். அது சரியான பெயர். ஆனால் அதே மலாய், மண்ணிலிருந்து எடுக்கும் உலோகத்தைத் தீமா என்றும், அதைப் பூசிச் செய்த குவளையை ஆங்கிலத்திலிருந்து வாங்கி டின் என்றும் சொல்கிறது. தன் மண்ணின் உலோகம் கப்பலேறிப் போய், சார்டின் டின்னாக வேறு பெயரில் திரும்பி வந்தது.

சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் மருந்தில் இது சிரிப்பில்லை. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் காரீயம். ஒரே பெயர் எழுதிய இரண்டு பற்பங்கள் இரண்டு வேறு உலோகங்களிலிருந்து செய்யப்பட்டவை. சித்தர் நூல்களே மற்றோர் இடத்தில் இதைவிடக் கவனமாக இருக்கின்றன. வெள்ளீயத்தை வெள்வங்கம் என்றும் காரீயத்தைக் கருவங்கம் என்றும் பிரித்துச் சொல்கின்றன. பார்த்தீர்களா, மறுபடியும் வெள்ளை, கறுப்பு. எந்த உலோகம் சேர்ந்தது என்று தெரியாத மருந்தை, பெயரைப் பார்த்து வாங்கி விழுங்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது இருக்கக் கூடாது.

இனி அந்தச் சொம்பு. மாணவனிடம் "நாளைக்குக் கொண்டு வா" என்றேன். கொண்டு வந்தான், பழைய துண்டில் சுற்றி, பாட்டியின் ஒரே ஒரு கட்டளையோடு: வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது. இந்தக் கட்டளை எல்லாப் பாட்டிகளும் சொல்வது. காரணம் உங்களுக்கே இப்போது தெரியும். ரசம் உள்ளே இருக்கும்வரை சொம்பின் சூடு ஏறக்குறைய 100 பாகையைத் தாண்டாது. வருகிற வெப்பத்தை எல்லாம் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். வெறும் சொம்பு என்றால் தடுக்க ஆளில்லை, 232ஐத் தொட்டதும் அடி கழன்று அடுப்பில் ஓடும். இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. எளிதில் உருகுகிறது என்பதை வைத்து அது வெள்ளீயம் என்று சொல்லிவிட முடியாது. காரீயமும் அடுப்பில் உருகும். இரண்டும் கலந்தால் தனித்தனியாக உருகுவதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். மின்கம்பிகளைப் பற்றவைக்கும் பழைய பற்றாசு அப்படிப்பட்ட கலவைதான்.

ஆகவே அடர்த்தியைப் பார்த்தோம். படிவம் 1இல் நீங்கள் படித்ததுதான். தராசில் சொம்பு 658 கிராம். ஒரு வாளியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, சொம்பை முழுக்க மூழ்கடித்து, வழிந்த தண்ணீரை அளந்தோம். முதல்முறை 101 மில்லிலிட்டர் வந்தது. அடர்த்தி 6.5. வெள்ளீயத்தைவிடக் குறைவு. பையன்களுக்கு ஒரே குழப்பம். சொம்பின் கழுத்து குறுகல். உள்ளே காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டிருந்தது, அதுவும் சேர்ந்து தண்ணீரைத் தள்ளியிருக்கிறது. சாய்த்துக் காற்றை வெளியேற்றி மறுபடி செய்தோம். 90 மில்லிலிட்டர். வகுத்தால் 7.3. சொம்பு முழுக்கக் காரீயமாக இருந்தால் 58தான் வழிந்திருக்கும். பாதிக்குப் பாதி என்றால் 74.

பையன்கள் கைதட்டினார்கள். நான்தான் நடுவில் புகுந்து கெடுத்தேன். நம் அளவுக் குழாயில் இரண்டு மில்லிலிட்டர் கூடக்குறைய இருக்கலாம். அப்படியானால் அடர்த்தி 7.15 முதல் 7.48 வரை எதுவாகவும் இருக்கலாம். நூற்றுக்கு ஐந்து பங்கு காரீயம் கலந்த வெள்ளீயத்தின் அடர்த்தி ஏறக்குறைய 7.43. நம் சோதனை அதைப் பிடிக்காது. ரசத்துக்குள் போவதற்கு ஐந்து பங்கு என்பது சின்ன அளவே அல்ல. சொம்பு காரீயத்தால் ஆனதில்லை என்று சொல்லலாம், காரீயமே இல்லாதது என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி உலோகத்தின் கலவையைப் படிக்கும் கருவி வேண்டும். விற்பனைக்கு வரும் பாத்திரம் என்றால், அப்படிச் சோதித்த சான்று கடைக்காரரிடம் இருக்கிறதா என்று கேட்கலாம். செத்தாப்பாக்கில் ராயல் சிலாங்கூர் செய்கிற பியூட்டரில் பெரும்பகுதி வெள்ளீயம். கொஞ்சம் செம்பும் ஆண்டிமனியும் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் முற்காலத்துப் பியூட்டரில் காரீயமும் சேர்ந்திருந்தது. இங்கும் ஒரே பெயர், ஆனால் கலவை மாறிவிட்டது.

இதையெல்லாம் கேட்ட என் சக ஆசிரியர் ஒருவர், "பிளம்பம், ஸ்தானும் என்று மனப்பாடம் செய்தால் எஸ்.பி.எம்.முக்குப் போதாதா? எதற்குத் தமிழ்ச் சொல்லை இழுக்கிறீர்கள்?" என்றார். தேர்வுக்குப் போதும். இலத்தீன் பெயரை எடுத்துக்கொண்டதை நான் பாராட்டுகிறேன், உலகமெங்கும் ஒரே பொருள் தரும். ஆனால் அந்த அம்மாவின் கைப்பேசிக்குச் செய்தி தமிழில் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் பாத்திரக் கடையில் தமிழில்தான் கேட்டு வாங்குகிறோம். பாட்டி பிளம்பம் என்று சொல்லப் போவதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு அறிவியல் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும், தமிழ்ச் சொற்களைப் பழைய சீருடைபோல மடித்து வைத்துவிடுகிறீர்கள். பிறகு வீட்டில் அறிவியல் தேவைப்படும் நாளில் உங்களிடம் சொல் இருப்பதில்லை. அன்றைக்கு அந்தப் பையனுக்குப் பிளம்பம் நன்றாகவே தெரிந்திருந்தது, அதன் நஞ்சும் தெரிந்திருந்தது. பாட்டியின் சொம்புக்கும் அதற்கும் என்ன உறவு என்பதுதான் தெரியவில்லை.

புதுச் சொல் எதையும் நான் கேட்கவில்லை. பிளினி எழுதிய அதே வேறுபாட்டை நம் மொழி தெளிவாக வைத்திருக்கிறது. நாம்தான் முன்பாதியை வெட்டிவிட்டு ஈயம் என்று மட்டும் சொல்கிறோம். லம்பத்தைப் பற்றிப் பேசும்போது ஈயம் என்று சொல்லுங்கள், யாருக்கும் கெடுதல் இல்லை. உடல்நலம், உணவு, மருந்து, சாயம், மின்கலம் என்று பேச்சு வந்தால் காரீயம் என்று முழுதாகச் சொல்லுங்கள், எழுதுங்கள். காரில் இருக்கும் மின்கலத்தில் உள்ளது காரீயம், அதை வீட்டில் உடைத்துப் பிரிக்கக் கூடாது என்று சொன்னால் புரியும், ஈயம் என்று சொன்னால் பாட்டி, "அதனால் என்ன?" என்றுதான் கேட்பார். நாளிதழ்களுக்கும் இது பொருந்தும், இந்த நாளிதழ் உட்பட. இயந்திர மொழிபெயர்ப்பை நம்புகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு சொல். காரீயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு 'முன்னே செல்' என்றும் பொருள் உண்டு. 'முன்னணி இல்லாத சாயம்' என்று எழுதிய ஒரு விளக்கத் தாளை நான் பார்த்திருக்கிறேன்.

சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, முழுச் சோதனை ஆகும்வரை அதில் புளி கொதிக்க வேண்டாம், கடைசியில் தாளித்துக் கொட்டவும் வேண்டாம் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பாட்டிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். மறுவாரம் பையன் இன்னொரு பொட்டலத்தோடு வந்தான். இது கிள்ளானில் வாங்கிய சின்னச் சொம்பாம், பாட்டிக்கு ஆரம்பத்திலிருந்தே இதன்மேல் சந்தேகமாம், தாளில் தேய்த்தால் கறுப்பாகக் கோடு விழுகிறதாம். கையில் வாங்கினேன். பார்வைக்குச் சிறிது, கையை நன்றாகவே கீழே இழுத்தது. ஆய்வுக்கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். திங்கட்கிழமை எடை போடுவோம்.